கண்டி: பக்கத்து வீட்டுப் பழந்தலைநகர்

திருவனந்தபுரத்திலிருந்து வான்வழியாகச் சென்னைக்குள்ள தூரத்தைவிடக் கொழும்புக்குள்ள தூரம் குறைவு. விமானம் மேலெழுந்து, கடலைப் பார்த்து, ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் இறங்குவதற்கான அறிவிப்பு வந்துவிடுகிறது. இருந்தும், வெளிநாட்டுச் சுற்றுலா என்றவுடன் நம் வாடிக்கையாளர்களில் பலருக்கும் சிங்கப்பூரும் துபாயுமே நினைவுக்கு வருகின்றன. நான்கு நாள் விடுமுறையில், நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்புக்குள், ஒரு பழம்பெரும் அயல்நாட்டுத் தலைநகரைக் கண்டு திரும்ப முடியும் என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். அந்த நகரம் கண்டி.

இன்னொரு நோக்கமும் உண்டு. குழுச் சுற்றுலாவில் நேரம் நம் கையில் இருப்பதில்லை. எங்கள் பயணத் திட்டத்தில் கண்டி நகருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது ஏறத்தாழ இரண்டு நாட்கள். அதில் உணவுக்கும் கடைவீதிக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் போனது பாதி. எஞ்சிய நேரத்தில் ஒரு தலைநகரை முழுமையாகப் பார்ப்பது இயலாது. ஆனால் எதைத் தேடிச் செல்கிறோம் என்பதைப் புறப்படுமுன்பே தீர்மானித்துக்கொண்டால், அந்தச் சில மணி நேரமும் வீணாகாது. தமிழ் பேசும் நமக்குக் கண்டியில் மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று அரண்மனை வாசல். மற்றொன்று கோயில் வாசல். மூன்றாவது புகையிரத நிலையத்தின் வாசல். முதலிரண்டும் எல்லாச் சுற்றுலாப் பட்டியல்களிலும் உள்ளவை. மூன்றாவது எந்தப் பட்டியலிலும் இல்லை.

மலை காத்த தலைநகர்

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பேருந்தில் மூன்று மணி நேரத்திற்குக் குறையாது. தென்னந்தோப்புகளும் ஓட்டு வீடுகளும் வாழைத் தோட்டங்களுமாக முதற்பகுதி நம் கேரளத்தையே நினைவூட்டுகிறது. கொல்லத்துக்கும் கொட்டாரக்கரைக்கும் இடையே செல்வதுபோல் இருக்கிறது என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். கடுகண்ணாவைக் கணவாயில் ஏறத் தொடங்கிய பிறகுதான் நிலம் மாறுகிறது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு. சாலையின் ஒவ்வொரு வளைவிலும், இந்நகரம் ஏன் அவ்வளவு காலம் பணியாமல் இருந்தது என்பதற்கான விடை இருக்கிறது.

இலங்கைத் தீவின் கடற்கரையைப் போர்ச்சுக்கீசியர் பிடித்தனர். அவர்களிடமிருந்து டச்சுக்காரர் பெற்றனர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். மலைகளுக்கு நடுவே இருந்த கண்டியை மட்டும் எவராலும் நிலையாக வைத்திருக்க முடியவில்லை. 1765இல் டச்சுப் படை நகருக்குள் நுழைந்தது. நிலைக்க முடியாமல் பின்வாங்கியது. 1803இல் நுழைந்த ஆங்கிலப் படை அழிந்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதி முதல் 1815 வரை கண்டி சுதந்திர அரசொன்றின் தலைநகராக விளங்கியது. சிங்களத்தில் இன்றும் இதன் பெயர் மஹநுவர. பெருநகரம் என்பது அதன் பொருள். 1988இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நகரின் நடுவே ஓர் ஏரி. அதன் கரையில் ஸ்ரீ தலதா மாளிகை. புத்தரின் புனிதப் பல் இங்கே பேணப்படுகிறது. நாள்தோறும் மூன்று வேளை வழிபாடு நடைபெறுகிறது. முரசொலி தொடங்கியதும் கையில் அல்லி மலர்த் தட்டுடன் மக்கள் மாடிப்படிகளில் ஏறுகிறார்கள். நாம் காண்பது பல்லை அன்று. அது வைக்கப்பட்டுள்ள பொற்பேழையை. அதுவும் சன்னதிக் கதவு திறந்திருக்கும் நேரத்தில், வரிசை நகரும் வேகத்தில், சில நொடிகள் மட்டுமே. தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். காலணிகளை வெளியே விட வேண்டும். 1998 ஜனவரியில் இம்மாளிகையின் முன் நடந்த குண்டுவெடிப்பிற்குப் பின் பாதுகாப்புச் சோதனை கண்டிப்பாக இருக்கிறது. ஆதலால் பைகளை விடுதியிலேயே வைத்துவிட்டுச் செல்வது நலம். மாலை வழிபாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகச் சென்று நிற்பவர்களுக்கே அமைதியாகக் காணும் வாய்ப்புக் கிடைக்கும்.

அரண்மனை வாசல்

தலதா மாளிகையை ஒட்டி எண்கோண வடிவில் ஒரு மண்டபம் அகழியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. கண்டியின் படம் என்றால் எல்லோரும் எடுப்பது இம்மண்டபத்தைத்தான். இதையும், எதிரேயுள்ள ஏரியையும், ஏரிக்கரையில் மேகங்கள் போல் வளைந்து செல்லும் வெள்ளைச் சுவரையும் உருவாக்கியவர் கண்டியின் கடைசி அரசரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவருடைய இயற்பெயர் கண்ணுசாமி.

இப்பெயரைக் கேட்டதும் எங்கள் குழுவினர் நிமிர்ந்து பார்த்தனர். மதுரைச் சீமையின் நாயக்கர் குடும்பங்களில் பெண்ணெடுப்பது கண்டி அரசர்களின் வழக்கமாக இருந்தது. 1739இல் வாரிசின்றி ஓர் அரசர் மறைந்தபோது, பட்டத்தரசியின் உடன்பிறந்தவரே அரியணை ஏறினார். அன்று முதல் 1815 வரை நால்வர், ஒருவர் பின் ஒருவராக, நாயக்கர் வழியிலிருந்து வந்து கண்டியை ஆண்டனர். அரசரின் உறவினர்கள் குடியிருந்த தெரு இன்றும் மலபார் வீதி என்று வழங்குகிறது. தமிழரை மலபாரிகள் என்று ஐரோப்பியர் அழைத்த காலத்தின் பெயர் அது.

இவர்களுள் இரண்டாமவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், 1747 முதல் 1782 வரை ஆண்டவர். சைவப் பின்னணியில் பிறந்த இவரே இலங்கையில் பௌத்தம் மறுமலர்ச்சி பெறக் காரணமானார் என்பது வரலாற்றின் வியப்புகளில் ஒன்று. அக்காலத்தில் முறைப்படி உபசம்பதை பெற்ற பிக்குகளே நாட்டில் இல்லாத நிலை. அரசர் சயாம் நாட்டுக்குத் தூதனுப்பி, அங்கிருந்து பிக்குகளை வரவழைத்து, 1753இல் அந்த மரபை மீண்டும் தொடங்கினார். இன்று இலங்கையின் பெரிய பிக்கு சங்கங்களில் ஒன்றான சயாம் நிகாயம் அவ்வாறு உருவானதே. ஆளவந்த இடத்தின் நம்பிக்கையைத் தன்னுடையதாக ஏற்றுப் போற்றிய அரசரை அந்நாடு இன்றளவும் மதிக்கிறது.

கடைசி அரசருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. பிரதானிகள் பகைத்தனர், ஆங்கிலேயர் அப்பகையைப் பயன்படுத்திக்கொண்டனர். 1815 பிப்ரவரியில் அரசர் சிறைப்பட்டார். மார்ச் 2ஆம் நாள் அரண்மனையின் கொலுமண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்நாடு ஆங்கில முடியாட்சியின் கீழ் வந்தது. செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்கள் வரிசையாக நிற்கும் அக்கொலுமண்டபத்தை இன்றும் பார்க்கலாம். பெரும்பாலான குழுக்கள் அதைக் கடந்து சென்றுவிடுகின்றன. அங்கே பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு நாட்டின் கணக்கு அங்கேதான் முடித்து வைக்கப்பட்டது.

1816இல் அரசரும் அவர் குடும்பத்தினரும் கப்பலேற்றப்பட்டு, தமிழகத்தின் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். திப்பு சுல்தானின் மைந்தர்களை முன்பு அடைத்து வைத்திருந்த அதே கோட்டை. 1832 ஜனவரி 30ஆம் நாள் அங்கேயே அவர் காலமானார். பாலாற்றங்கரையில் அவருடைய கல்லறை இருக்கிறது. முத்து மண்டபம் என்னும் நினைவு மண்டபம் அதைச் சூழ்ந்து நிற்கிறது. இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவருடைய அரியணை 1934இல் இலங்கைக்குத் திரும்பியது. வாளேந்திய சிங்கம் பொறித்த அவருடைய கொடி, இன்றைய இலங்கைத் தேசியக் கொடிக்கு அடிப்படையாயிற்று. அரியணை திரும்பிற்று, கொடி திரும்பிற்று, அரசர் மட்டும் வேலூரில் தங்கிவிட்டார். வேலூர் வழியாகச் செல்லும் வாசகர்கள் கோட்டையைப் பார்ப்பதோடு நில்லாமல் முத்து மண்டபத்தையும் ஒருமுறை பார்த்து வரலாம். கண்டிப் பயணத்தின் மறுபாதி அங்கே இருக்கிறது.

கோயில் வாசல்

தலதா மாளிகைக்கு அருகிலேயே நான்கு தெய்வங்களுக்கான கோயில்கள் உள்ளன. இலங்கையில் இவற்றைத் தேவாலயங்கள் என்கிறார்கள். அச்சொல் நமக்கு வேறு பொருள் தருவதால் முதலில் சற்றுக் குழப்பம் உண்டாகும். நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி ஆகியோர் அந்நான்கு தெய்வங்கள். கதிர்காமர் நம் முருகன். பத்தினி யார் என்பதை வழிகாட்டி சொல்லும்வரை எங்களில் பலர் ஊகிக்கவில்லை. அவள் கண்ணகி.

திருவனந்தபுரத்தில் வாழ்பவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. மதுரையை எரித்த கண்ணகி கொடுங்கல்லூருக்குச் செல்லும் வழியில் தங்கிய இடம் ஆற்றுகால் என்பது நம் ஊரின் நம்பிக்கை. கும்ப மாதப் பொங்காலையன்று நகரின் தெருக்கள் எல்லாம் அடுப்புகளாக மாறுகின்றன. எங்கள் குழுவிலிருந்த பெண்களில் பெரும்பாலோர் ஆண்டுதோறும் கிழக்கேகோட்டைப் பக்கத்தில் செங்கல் அடுக்கிப் பொங்கலிடுபவர்கள். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகு உடனிருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அந்தக் கயவாகுவே பத்தினி வழிபாட்டைத் தன் நாட்டுக்குக் கொண்டுசென்றான் என்பது இலங்கையின் நம்பிக்கை. சேரநாட்டின் தெய்வம் கடல் கடந்து, சிங்களப் பௌத்தர்களின் தெய்வமாகி, தலைநகரின் நடுவே குடியிருக்கிறாள்.

பத்தினி தேவாலயம் சிறியது. ஓட்டுக்கூரை, தாழ்ந்த வாசல், எரியும் எண்ணெய் விளக்குகள். குழந்தை வரம் வேண்டியும், அம்மை நோய் தணியவும் பெண்கள் பழத்தட்டுடன் வருகிறார்கள். பூசகர் தட்டை வாங்கிச் சிங்களத்தில் வேண்டுதலைச் சொல்கிறார். எங்கள் குழுவிலிருந்த மலையாள அம்மையார் ஒருவர் ஒன்றும் பேசாமல் நின்றிருந்துவிட்டு, "நம்முடைய அம்மை இங்கேயும் இருக்கிறாளே" என்று மட்டும் சொன்னார். தலதா மாளிகையில் நாங்கள் சுற்றுலாப் பயணிகள். இங்கே அப்படித் தோன்றவில்லை.

ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வரும் எசல பெரஹரா என்னும் ஊர்வலத்தில் தலதா மாளிகையின் அணியைத் தொடர்ந்து இந்நான்கு கோயில்களின் அணிகளும் செல்கின்றன. பத்தினியின் அணியில் மட்டும் பெண்களும் ஆடிச் செல்வார்கள். முற்காலத்தில் இத்தெய்வங்களுக்கே உரியதாக இருந்த ஊர்வலத்தில் புனிதப் பல்லை முதன்மையாக அமைத்தவரும் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனே. பெரஹரா நாட்களில் விடுதிக் கட்டணம் பன்மடங்காகும். கூட்டத்தைத் தாங்க இயலாத முதியவர்கள் வேறு மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

புகையிரத நிலையத்தின் வாசல்

எங்கள் குழுவில் 22 பேர். ஓய்வுபெற்றவர்களும் அவர்களுடைய துணைவர்களுமே மிகுதி. தனியாக வந்தவர் ஒருவர் மட்டும். புனலூருக்கு அருகே ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார். வயது அறுபத்தைந்து. எல்லோரும் அவரை அக்கா என்றே அழைத்தோம். முதல் நாள் முழுவதும் அதிகம் பேசவில்லை. இரண்டாம் நாள் இரவு உணவின்போது எங்கள் வழிகாட்டியிடம், "தம்பி, கண்டி ஸ்டேசனுக்குப் போவமா?" என்று கேட்டார். வழிகாட்டி மலையகத் தமிழ் இளைஞர். கேட்டவரின் பேச்சில் எதையோ கண்டுகொண்டவர்போல், "நீங்க எந்தத் தோட்டம்மா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெளிவந்தது. மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர் அவர். 1973இல், பதின்மூன்று வயதில், பெற்றோருடன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்.

இதன் பின்னணி நம் வாசகர்களில் இளையோருக்குத் தெரிந்திராமல் இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே சென்றவர்கள் அவர்கள். வழியில் மாண்டவர் பலர். 1867இல் கண்டிக்கு இருப்புப் பாதை வந்தது. அதே ஆண்டில்தான் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் வணிக முறையில் தேயிலை பயிரிட்டார். தலைமுறைகள் உழைத்த அம்மக்களில் மிகப் பெரும்பாலோர், இலங்கை விடுதலை பெற்றபின் 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாடு செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்பது அதன் சாரம். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. பெருந்தொகைக் கணக்கில் இவை வெறும் எண்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு நாடும் தங்கைக்கு ஒரு நாடுமாகப் பிரிந்ததும் இக்கணக்கில் அடக்கம்.

பின்வந்த ஆண்டுகளில் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்கு வந்தனர். கண்டியில் உள்ள இந்திய உதவித் தூதரகத்தில் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பெற்று, இரயிலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து சேர்ந்தனர். மலையகத்தில் இரயிலைக் கோச்சி என்பார்கள். வழியனுப்ப வந்தவர்களும் ஏறியவர்களும் கதறியழுததால் அந்த இரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் ஏற்பட்டது. இவ்வாறு வந்தவர்களுக்கு மறுவாழ்வளிக்க நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களும், நம் கேரளத்தின் புனலூரில் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனமும் அமைக்கப்பட்டன. 1969இல் தாயகம் திரும்பியோருக்கெனவே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கப்பட்டது. ரெப்கோ என்று இன்று நாம் அறியும் வங்கி அதுவே.

அக்கா பார்க்க விரும்பியது தாம் பிறந்த தோட்டத்தை அன்று. "அங்க இப்ப யாரும் இல்ல. கோச்சி ஏறின எடத்தப் பார்த்தாப் போதும்" என்றார். மறுநாள் காலையில் பட்டியலில் இருந்தது இரண்டு மணி நேர இரத்தினக்கல் கடை. பயண ஒருங்கிணைப்பாளர் தயங்கினார். கடையுடன் முன்பே பேசியாகிவிட்டது என்றார். குழுவில் இருவர் கல் வாங்குவதற்கென்றே வந்திருந்தனர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. பணம் கொடுத்தவர் எல்லோருக்கும் பட்டியலில் சம உரிமை உண்டு. சற்றே குரல்கள் உயர்ந்தன. கடைசியில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வழி சொன்னார். கடைக்கு ஒன்றரை மணி நேரம், நிலையத்திற்கு அரை மணி நேரம். விரும்பாதவர் பேருந்திலேயே இருக்கலாம். மறுநாள் நிலையத்தின் முன் பேருந்து நின்றபோது, ஒருவரும் உள்ளே இருக்கவில்லை. கல் வாங்க வந்த இருவரும் இறங்கினர்.

கண்டி புகையிரத நிலையம் பெரியதன்று. பெயர்ப் பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகள். அக்கா நடைமேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்தார். தம் தாயார் செம்பில் தண்ணீர் பிடித்த குழாயைத் தேடினார், அது இல்லை. பெரியம்மா நின்றிருந்த தூணைத் தேடினார். எல்லாத் தூண்களும் ஒன்றுபோல் இருந்தன. பணியிலிருந்த ஊழியர் ஒருவரிடம், தலைமன்னார்க் கோச்சி எந்தப் பக்கம் நிற்கும் என்று தமிழில் கேட்டார். அவர் சிங்களவர். ஆயினும் தலைமன்னார் என்ற சொல்லும், கேட்டவரின் வயதும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. ஒன்றும் பேசாமல் ஒரு தண்டவாளத்தைச் சுட்டிக்காட்டினார்.

அக்கா அழவில்லை. அங்கேயிருந்த பெஞ்சில் அமர்ந்து, கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையிலிட்ட பழைய குடும்ப அட்டையை எடுத்தார். அதிலுள்ள படத்தில் அவருடைய தந்தையாருக்கு என் வயதுதான் இருக்கும். "அப்பாவோட சேமலாப நிதிக் காசு எவ்வளவுன்னு அம்மா கோச்சியில எண்ணிக்கிட்டே வந்தாங்க. மண்டபம் முகாமுக்கு வந்தப்புறமும் எண்ணினாங்க" என்றார். ஊழியர் சேமலாப நிதி என்பது இலங்கையில் வருங்கால வைப்பு நிதிக்கு வழங்கும் பெயர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மற்றவர் பணத்தை எண்ணும் தொழிலில் இருப்பவன் நான். ஒரு குடும்பம் ஒரு நாட்டை விட்டு மற்றொரு நாட்டுக்குள் நுழையும்போது எண்ணிக்கொண்டு வந்த பணம் எத்தகையது என்பதை அன்றுவரை யோசித்ததில்லை.

இரயில் பாதைக்கும் ஒரு கதை உண்டு. போர்க் காலத்தில் நின்றுபோன தலைமன்னார்ப் பாதை, இந்தியக் கடனுதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. 1984இல் நின்றுபோன இராமேசுவரம் கப்பல் மட்டும் அந்தப் பாதையில் இன்னும் திரும்பவில்லை.

புறப்படுமுன் வங்கியில்

இப்பயணத்திற்கு அக்கா ஐந்தாண்டுகள் சேமித்தார். மாதம் 1,000 ரூபாய் வீதம் தொடர் வைப்புக் கணக்கு. அசல் மட்டும் 60,000 ரூபாய், வட்டி தனி. சிறிய வெளிநாட்டுப் பயணத்துக்குக் கடன் வாங்குவதைவிட இதுவே சிறந்த வழி என்பது வங்கி அலுவலர் என்ற முறையில் என் கருத்து. செல்ல விரும்பும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள்:

பயண நிறுவனம் சொல்லும் கட்டணம் பெரும்பாலும் இருவர் ஓர் அறையில் தங்குவதற்கானது. தனியே செல்பவர் கூடுதலாகச் செலுத்த நேரும். விசா, காப்பீடு, நுழைவுக் கட்டணங்கள் ஆகியவை அதில் அடங்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். முன்பணத்தை நிறுவனத்தின் கணக்கிலேயே செலுத்தி ரசீது பெறுங்கள். எவருடைய தனிப்பட்ட கணக்கிலும் செலுத்த வேண்டாம்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக் கட்டணத்துடன் டி.சி.எஸ். என்னும் வரியும் வசூலிக்கப்படும். அதன் விகிதம் நிதிநிலை அறிக்கைகளில் மாறிவருவதால், பணம் செலுத்தும் நாளின் விகிதத்தைக் கேட்டறியுங்கள். இது கைவிட்டுப் போகும் பணமன்று. உங்கள் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கலின்போது ஈடுசெய்துகொள்ளலாம். வரி செலுத்த வேண்டியதில்லாதவர் திரும்பப் பெறலாம். ஓய்வூதியர்கள் பலர் கணக்குத் தாக்கல் செய்யாமல் இதை விட்டுவிடுகின்றனர்.

ஒரு பயணத்திற்கு அந்நியச் செலாவணியை நோட்டுகளாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை எடுத்துச் செல்லலாம். இந்திய ரூபாய் நோட்டுகள் ஒருவருக்கு 25,000 ரூபாய்வரை அனுமதிக்கப்படும். நான்கு நாள் பயணத்திற்கு இவ்வளவும் தேவைப்படாது. 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யு.பி.ஐ. வசதியும் உள்ளது. அதற்கான குறியீடு வைத்திருக்கும் கடைகளில் கைப்பேசி வழியே செலுத்தலாம். எல்லாக் கடைகளிலும் இருக்கும் என்று எண்ணிக் கையில் பணமில்லாமல் செல்ல வேண்டாம்.

அட்டையைப் பயன்படுத்துவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் பயன்பாடு 2020 முதல் இயல்பாகவே முடக்கி வைக்கப்பட்டிருக்கிறது; புறப்படுமுன் வங்கிச் செயலியிலோ கிளையிலோ அதைத் திறந்து, உச்ச வரம்பும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அட்டை இயந்திரம், இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா, இலங்கை ரூபாயில் செலுத்துகிறீர்களா என்று கேட்டால், இலங்கை ரூபாயையே தேர்ந்தெடுங்கள். இந்திய ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது அந்தக் கடையின் பக்கத்தில் உள்ளவர்கள். அது பெரும்பாலும் நமக்கு நட்டமாகவே முடியும்.

காப்பீட்டு விண்ணப்பத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்த நோய் இழப்பீடு கேட்கும் நாளில் வெளிவரும். கடவுச்சீட்டுக்கு ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும். மின்வழிப் பயண அனுமதிக்கு அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தையே நாடுங்கள்.

2022இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்த நேர்ந்தது. டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த நாணய மதிப்பு சில வாரங்களில் 360 ரூபாய்வரை சரிந்தது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதை எங்கள் வழிகாட்டி விவரித்தார். அந்நாட்டுக்கு இன்று சுற்றுலா வருமானம் உயிர்நாடி. பெரிய கடைகளில் பேரம் பேசுங்கள்; ஏரிக்கரையில் அவித்த சோளம் விற்கும் பெண்ணிடம் வேண்டாம்.

வங்கியாளர் கண்ணுக்கு ஒன்று. இலங்கை ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்துகள் சிங்களத்துடனும் ஆங்கிலத்துடனும் தெளிவாகத் தெரிகின்றன. இலங்கை வங்கி, மக்கள் வங்கி என்று பெயர்ப் பலகைகள் நம் மொழியில் நம்மை அழைக்கின்றன.

மீதமாகும் அந்நியச் செலாவணியைத் திரும்பி வந்த 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலர் மதிப்புவரை கைவசம் வைத்துக்கொள்ள விதியில் இடமுண்டு. ஊர் திரும்பிய இரு வாரங்களுக்குப் பின் அக்கா எங்கள் கிளைக்கு வந்தார். எஞ்சியிருந்தது ஒரே ஒரு 20 ரூபாய் இலங்கை நோட்டு. அதைக் கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்டார். வேண்டியதில்லை என்றேன். நோட்டைக் குடும்ப அட்டை இருந்த அதே உறைக்குள் வைத்துக்கொண்டு, இன்னொரு தொடர் வைப்புக் கணக்குத் தொடங்குவதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கினார். இம்முறை பேத்தியையும் அழைத்துச் செல்ல வேண்டுமாம். ஆகவே மாதம் 2,000 ரூபாய்.